எந்த வருசம் என்று மட்டும் கேட்காதே

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளியில் எனக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த சாரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக மனசில் இருந்தது. போன மாதம் ஈப்போவில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, எழுதட்டுமா என்று கேட்டேன். "என் பேரைப் போடாதே. செஞ்சதை எழுது, யாராவது ஒரு வாத்தியாருக்கு உதவும்" என்றார். அதனால் இதில் அவர் சார் மட்டும்தான். நாங்களும் அவரை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

1991. நான் இரண்டாம் படிவம். டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயம், தொழிலாளிகளின் வரிசை வீடு. அப்பா பால் வெட்டு, அம்மா புல்லு வெட்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு, புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாய் பழகி, அப்புறம்தான் முதல் படிவத்துக்கு வந்தோம். அதனால் வகுப்பில் மற்றவர்களைவிட நாங்கள் ஒரு வயது மூத்தவர்கள், ஆனால் வாய் திறக்க மாட்டோம். தோட்டத்துப் பிள்ளைகள் கடைசி இரண்டு வரிசை. மழை நாளில் துணி காயாமல் போட்டுக்கொண்டு போனால் சட்டையில் ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டின ரப்பர் பால்) வாடை வரும் என்று எனக்குப் பெரிய பயம், பஸ்ஸில் கூட ஜன்னல் ஓரமாகத்தான் நிற்பேன்.

இரண்டாம் படிவ வரலாறு என்றால் ஆங்கிலேயர் வந்த கதை. 1874இல் பேராக் சுல்தான் ஆங்கிலேய ஆலோசகரை (ரெசிடெண்ட்) ஏற்ற பங்கோர் ஒப்பந்தம், 1875இல் அந்த முதல் ரெசிடெண்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டது, ஈயம், அப்புறம் ரப்பர். ரப்பர் பாடத்தில் எங்களைப் பற்றி இரண்டு வரி வரும்: தோட்டங்களில் வேலை செய்ய தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவ்வளவுதான்.

அந்தப் பாடத்தன்று சார் செய்தித்தாளில் சுற்றி ஒரு உளியைக் கொண்டுவந்தார். பால் வெட்டுகிற உளி. மேசை மேல் வைத்து, இது என்ன, இதை எப்படிப் பிடிப்பது, யாருக்குத் தெரியும் என்று மலாயில் கேட்டார். டவுன் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு அவருடைய மர வரிசைக்கு, நிரைக்குப் போய், பால் வடிகிற மங்கு துடைத்து, ஒட்டுப்பால் உரித்து, எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரியும் என்று சொல்லத்தான் கூச்சம். சார் நேராகக் கடைசி வரிசைக்கு வந்து, மெதுவாகத் தமிழில், "ஏம்மா, அப்பாவுக்கு வெட்டுமரமா? வந்து காட்டேன்" என்றார்.

போனேன். கதவு நிலையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினேன், இடது பக்கம் மேலே ஆரம்பித்து வலது பக்கம் கீழே இறங்குகிற மாதிரி. சார் உடனே, ஏன் அப்படி, வலதிலிருந்து இடதுக்கு இறங்கினால் என்ன என்றார். தெரியவில்லை. வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. "சரி, இன்னிக்கு வீட்டுப்பாடம் இதுதான். அப்பாவைக் கேட்டுட்டு வா. காலையில இருட்டோட ஏன் வெட்டுறாங்கன்னும் கேளு."

அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "அப்படிச் சாய்ச்சு வெட்டினாத்தான் பால் சேர்ந்து வரும். மாத்தி வெட்டினா மங்கு நிறையாது. வெயில் ஏறிட்டா பால் சுருங்கிடும்."

மறுநாள் அதை அப்படியே வகுப்பில் சொன்னேன், பாதி மலாய் பாதி தமிழ். சார் பலகையில் படம் போட்டு விளக்கினார். பட்டைக்குள் பால் ஓடுகிற குழாய்கள் நேராக மேலே போவதில்லை, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, அதனால் இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ராத்திரியெல்லாம் மரத்துக்குள் தண்ணீர் அழுத்தம் ஏறி இருப்பதால் விடியும் முன் வெட்டினால் பால் நன்றாக இறங்கும். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவுகிற முறையை வகுத்தவர் 1888இல் சிங்கப்பூர் தாவரப் பூங்காவுக்கு வந்த ஹென்றி ரிட்லி என்றும் அன்றுதான் சொன்னார்.

அப்புறம் அவர் செய்ததுதான் என் வாழ்க்கையில் தங்கிவிட்டது. எல்லாரையும் நோட்டை எடுக்கச் சொன்னார். "இந்தத் தகவல் பாடநூல்ல இல்லை. யார் சொன்னதுன்னு எழுதாம விடக் கூடாது" என்று, என் அப்பாவின் முழுப் பெயரைக் கேட்டு, பலகையில் எழுதினார். பெயர், தொழில், எந்தத் தோட்டம், எத்தனை வருடமாகப் பால் வெட்டுகிறார், எந்தத் தேதியில் சொன்னார். வகுப்பில் நாற்பது பேர். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், டவுன் தமிழ்ப் பிள்ளைகள், எல்லார் நோட்டிலும் அப்பாவின் பெயர்.

வீட்டில் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. விடிகாலை பெரட்டுக்கு, வேலைக்கு முன் பேர் கூப்பிடுகிற இடத்துக்குக் கிளம்பும்போது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டே, "எல்லாருமா எழுதினாங்க?" என்று கேட்டார். எல்லாரும்தான்பா என்றேன். அப்படியா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வருடக் கடைசியில் சார் எங்களைக் கோலகங்சாருக்குக் கூட்டிப்போனார், சொந்தக் காசில் பாதி, பெற்றோர் போட்டது பாதி. அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரம் நிற்கிறது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் சுமார் 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகளில் 22 அடுத்த வருடம் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் 9 கோலகங்சாரில், பேராக்கில் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் இடத்தில் நடப்பட்டன. மிச்சம் இருப்பது அந்த மரம்தான். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். முண்டும் முடிச்சுமாகக் கிழவன் மாதிரி இருந்தது. எங்களோடு வந்த ஒரு பையன், படிப்பில் ரொம்பப் பின்தங்கியவன், "சார், எங்க தாத்தா இதாலதான் கப்பல் ஏறினாரா?" என்று கேட்டான். சார் அவனைத் தட்டிக்கொடுத்து, "ஆமாண்டா தம்பி. எந்தக் கப்பல்னு போய்க் கேளு" என்றார். அந்தப் பையனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மூன்றாம் படிவத்தில் பெரிய வேலை கொடுத்தார். உங்கள் லயத்திலேயே வயதானவர் யாரோ அவரிடம் போய் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டு வர வேண்டும். விதிகள் சில சொன்னார். முதல் விதி, எந்த வருசம் என்று மட்டும் கேட்காதே.

எனக்கு அப்போது அது புரியவில்லை, வரலாறு என்றாலே வருடம்தானே என்று நினைத்தேன். பாட்டியிடம் உட்கார்ந்ததும் வாய் தவறிக் கேட்டுவிட்டேன், பாட்டி நீங்க எந்த வருசம் பொறந்தீங்க. "எனக்கென்னாடி தெரியும், எழுதியா வச்சாங்க?" என்று எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான், அன்றைக்குப் பேச்சு முடிந்தது. தெரியாத ஒன்றை முதலில் கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணத்தோடு அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சார் சொன்ன முறை வேறு. நாட்டுக்கே தெரிந்த ஒரு நாளை எடுத்துக்கொள், அதற்கு முன்னாடியா பின்னாடியா என்று கேள். ஜப்பான்காரன் வந்தது 1941 டிசம்பர். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை அடக்க ஆங்கிலேயர் போட்ட அவசரகாலம் 1948 ஜூன். மெர்டேக்கா, அதாவது மலாயா சுதந்திரம், 1957 ஆகஸ்ட் 31. இந்த மூன்றையும் சுவரில் அடித்த ஆணி மாதிரி வைத்துக்கொண்டு, கல்யாணம், பிள்ளை, சாவு எல்லாவற்றையும் அதில் மாட்டு.

மறுநாள் பாட்டி வெற்றிலை மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "ஜப்பான்காரன் வந்தப்போ நீங்க வயசுக்கு வந்துட்டீங்களா பாட்டி?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். ராத்திரி ஒன்பது மணி வரை பேசினார்.

அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. அப்பாவுக்கே தெரியாது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் வேலை நின்று, அரிசி இல்லாமல், மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்தபோது, சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் போடுகிற வேலை, சில மாதத்தில் திரும்பலாம், சம்பளம் உண்டு என்று சொல்லி ஆள் எடுத்திருக்கிறார்கள். அண்ணன் பெயர் கொடுத்தார். லாரி வந்தது. பாட்டியின் அம்மா கிழங்கு அவித்து வாழை இலையில் கட்டிக் கொடுத்ததையும், அண்ணன் போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் பாட்டி சொன்னார். திரும்பவில்லை. சண்டை முடிந்து ஆட்கள் திரும்பி வந்தபோது பாட்டியின் அம்மா ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்திருக்கிறார். ஒருவர், காய்ச்சலில் கண்டேன் என்றார். இன்னொருவர், அப்படி ஒரு ஆளே தெரியாது என்றார். அந்தக் கிழவி சாகும் வரை ஒரு தட்டு அதிகமாகக் கழுவி வைப்பாராம்.

நான் எழுதிக்கொண்டு போனதைச் சார் நின்றுகொண்டே படித்தார். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வகுப்புக்குச் சொன்னார்: சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942 செப்டம்பரில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். போர்க்கைதியாக இருந்து இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் போட்ட கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை. சொல்லிவிட்டு என்னிடம், அண்ணன் பெயர் எழுதியிருக்கே, அவங்க அப்பா பெயர் எங்கே, எந்தத் தோட்டத்திலிருந்து லாரி ஏறினார், அதையும் கேட்டு எழுதிக்கொண்டு வா என்றார். போய்க் கேட்டேன். பாட்டி அழாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுதி முடித்ததும் அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்கு இன்னொரு நாளும் முக்கியம். 1948 ஜூன் 16. எல்ஃபில் தோட்டத்தில் மேனேஜர் ஆர்தர் வாக்கரைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் அவருடைய ஆபீசிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதே காலை கொஞ்ச நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய உதவியாளர் இயான் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுக்க வந்துவிட்டது, 1960 ஜூலை 31 வரை 12 வருடம் இருந்தது. நாட்டின் பாடநூலில் எங்கள் ஊர்ப் பெயர் வருகிற இடம் அது. சார் அந்தப் பாடத்தை நடத்தவே இல்லை. மூன்று மூன்று பேராகப் பிரித்து, அந்தக் காலத்தில் தோட்டத்தில் இருந்த பெரியவர்களிடம் கேட்டுவரச் சொன்னார். வந்து சேர்ந்த கதைகள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள் என்றார் ஒருவர். நான்கு பேர் நடந்து வந்தார்கள் என்றார் இன்னொருவர். சுட்ட சத்தம் ஸ்டோரில் கேட்டது, கேட்கவில்லை, இப்படி.

எது சரி சார் என்று கேட்டோம். "அவங்க யாரும் பொய் சொல்லலை. ஒவ்வொருத்தரும் அன்னிக்கு எங்கே நின்னாங்கன்னு கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. திரும்பப் போனோம். ஒருவர் மட்டும்தான் அந்தத் தோட்டத்திலேயே இருந்தவர், மற்ற இருவரும் பிறர் சொல்லக் கேட்டவர்கள், அதில் ஒருவர் அப்போது ஏழு வயதுப் பிள்ளை. இதை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுத வைத்தார், பார்த்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம். எனக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. வாட்ஸ்அப்பில் எதாவது வந்தால் கூட, இதைச் சொன்னவர் பார்த்தவரா, கேட்டவரா என்றுதான் கை தானாகத் தேடுகிறது.

அதே பாடத்தில் ஒரு விஷயம் சொன்னார், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்ததும் ஜூன் 16தான், 1919இல், இதே சுங்கை சிப்புட்டில். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளிகளிடம் ஆளுக்குப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தவர். எங்கள் தாத்தா அதில் பங்கு போட்டிருந்தார். அந்தச் சிட்டையை நான் வகுப்புக்குக் கொண்டுபோனேன், சார் இரண்டு கையாலும் வாங்கினார்.

பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு மலாய் தடுமாறும். தேர்வு மலாயில். பெரும்பாலான வாத்தியார்கள் குறிப்பைப் பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள், நாங்களும் செய்வோம், ஒரு வரி மறந்தால் முழுப் பதிலும் போய்விடும். சார் பள்ளி முடிந்து அரை மணி நேரம் எங்களை நிறுத்தி வைப்பார். முதலில் தமிழில் கதை மாதிரி சொல்ல வேண்டும், புத்தகம் பார்க்கக் கூடாது. அதாலே, அதனாலே என்று காரணம் கோத்துச் சொல்ல வேண்டும். கதை நேரான பிறகு, அதில் பத்து முக்கியச் சொற்களுக்கு மட்டும் மலாய். 'தாருராட்' என்றால் அவசரகாலம், லயத்தைச் சுற்றிப் போட்டதாகப் பாட்டி சொன்ன கம்பி வேலி, கேட்டில் நின்று சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தது, அரிசிக்கு அளவு போட்டது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் அந்தச் சொல் மறக்குமா? ஐந்தாம் படிவ முடிவில் வருகிற எஸ்பிஎம் தேர்வில், வரலாற்றில் எங்கள் கடைசி வரிசையில் யாரும் தோற்கவில்லை. இப்போது என் மகளுக்கு அறிவியலைக் கூட நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அவர் எப்போதும் சாந்தமாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941இல் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னார். ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னால் நின்ற போராட்டம் அது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தொரையோ கிராணியோ (ஆபீஸ் குமாஸ்தா) எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்க வேண்டும் என்பது. அதைப் படிக்கும்போது அவர் குரல் உடைந்தது. சம்பளம் கேட்டது புரிகிறது, சைக்கிளில் உட்கார்ந்து போகிற உரிமையையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள் பாருங்கள் என்றார். வீட்டில் பாட்டியிடம் கேட்டேன். "எங்கப்பன் பங்களா ரோட்டுல சைக்கிளத் தள்ளிக்கிட்டேதான் போகும். ஏறி நான் பார்த்ததில்ல" என்றார். அதையும் எழுதினேன், தேதி போட்டு.

பாட்டி 1999இல் போனார். 2003இல் தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள், லயங்களை இடித்தார்கள், ஆட்கள் டவுனில் மலிவு விலை வீடுகளுக்கும் ஈப்போவுக்கும் சிதறினார்கள். வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை இருந்த இடம் இப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் கோலகங்சாரில் கப்பலைப் பற்றிக் கேட்ட அந்தப் பையனுக்குத் தெரியும். அவன் எஸ்பிஎம்மோடு நின்று லாரி ஓட்டப் போனவன். லயங்களை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இரண்டு நாள் லீவு போட்டு, காலடியால் அளந்து, தோட்டம் முழுக்கத் தாளில் வரைந்திருக்கிறான். எந்த லயத்தில் எந்த வீட்டில் யார், கோயில், கிணறு, பெரட்டுக் களம், சுடுகாட்டில் யார் யார் எங்கே. நாலு பெரிய மகாஜோங் தாளை ஒட்டின படம். ஏன்டா செய்தாய் என்று கேட்டேன். "சார் இருந்தா கேட்பாருல்ல" என்றான்.

இனி அத்தை கதை. பக்கத்து லயத்தில் இருந்தவர், எனக்கு அத்தை முறை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனால் கையில் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவருக்கான அடையாள அட்டை; குடிமக்களுக்கு நீலம். வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவம், பிறப்பைப் பதியவில்லை, பிறகு யாரோ தோராயமாக ஒரு வருடத்தைச் சொல்லிப் போட்டுவிட்டார்கள், 1956 என்று. 2009இல் அவருடைய மகன் என்னிடம் வந்தான், நான் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி வேலை பார்க்கிறேன் என்பதால். எனக்குச் சட்டத்தில் ஒரு விஷயம் தெரியும்: மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடிய இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதாவது அத்தை 1957 ஆகஸ்ட் 31க்கு முன் பிறந்தாரா, பின் பிறந்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவருடைய அம்மா அப்போது உயிரோடு இருந்தார். நாங்கள் ஆயா என்போம். மகன் பல முறை கேட்டிருக்கிறான், எந்த வருசம் ஆயா, எந்த வருசம். தெரியாது என்பதுதான் பதில். நான் போய், "மெர்டேக்கா அன்னிக்குத் தோட்டத்துல என்ன ஆயா செஞ்சாங்க?" என்று கேட்டேன். ஆயா சிரித்தார். பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள், நான் போகவில்லை, வயிறு தள்ளிக்கொண்டு நிற்க முடியவில்லை, இவள்தான் வயிற்றில் என்றார். நிச்சயமாவா ஆயா என்றேன். "தீபாவளி முடிஞ்சு மழையில பொறந்தவ. பெரியவன் மிட்டாயை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான், பாதி நக்கிட்டு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஆயாவின் வார்த்தை மட்டும் போதாது. சாருக்குப் போன் செய்தேன். "எழுத்துல எங்கே இருக்கும்னு யோசி. பிள்ளை பொறந்தா எத்தனை இடத்துல பேர் எழுதுவாங்க?" என்றார். யோசித்தோம். பிறப்புப் பத்திரம் இல்லை. தோட்ட ஆஸ்பத்திரி மூடிவிட்டார்கள். தமிழ்ப்பள்ளி? தோட்டப்பள்ளி டவுனுக்கு மாறியிருந்தாலும் பழைய சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியை அறையில் அலமாரியில் இருந்தது. 1964 ஜனவரியில் முதலாம் ஆண்டு சேர்ந்தவர்கள் பக்கத்தில், நீல மையில், அத்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி டிசம்பர் 1957. அன்றைய வாத்தியார் அப்பாவைக் கேட்டு எழுதினது. பிள்ளைக்கு ஆறு வயதாக இருக்கும்போது எழுதினது, ஐம்பது வருடம் கழித்து நினைத்துச் சொன்னதில்லை. அதற்குத் தலைமையாசிரியையிடம் உறுதிக் கடிதம் வாங்கி, ஆயாவும் அதே லயத்தில் இருந்த இன்னொரு அம்மாவும் சத்தியப் பிரமாணம் கொடுத்து, தங்கச்சிகளின் பத்திரங்களையும் சேர்த்துக் கொடுத்தோம். மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. எல்லாருக்கும் இது போல அமையும் என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு கேசும் வேறு. ஆனால் அத்தை இன்று நீல ஐசி வைத்திருக்கிறார், வரும் தேர்தலிலும் முதல் ஆளாக வரிசையில் நிற்பார்.

யாராவது உங்கள் தோட்டத்து ஆட்களைத் தேடிப் பேச ஆரம்பிப்பதாக இருந்தால், எங்களுக்கு உதவினதைச் சொல்கிறேன். வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு பழைய படமோ, உளியோ, மங்கோ கொண்டுபோங்கள், பொருளைத் தொட்டதும் பேச்சு வந்துவிடும். முடிந்தால் இரண்டு பேரை ஒன்றாக உட்கார வையுங்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவார், நீங்கள் குறுக்கே பேச வேண்டிய அவசியமே இருக்காது. போனில் பதிவு செய்யலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள், இருந்தாலும் அன்று ராத்திரியே கையால் எழுதுங்கள், அவர்கள் சொன்ன சொல்லிலேயே. செக்ரோல் என்றால் செக்ரோல், சம்பளப் பதிவேடு என்று மாற்றாதீர்கள். யார் சொன்னது, எங்கே, எந்தத் தேதி, பார்த்ததா, கேட்டதா. பழைய காகிதத்தை லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், பிளாஸ்டிக் ஒட்டினால் திரும்ப எடுக்க முடியாது, உள்ளேயே கெட்டுப்போகும். படத்தின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள், அங்கேதான் ஸ்டுடியோ பெயரும் தேதியும் இருக்கும். பெயர் எழுத வேண்டுமானால் பென்சில். ஒரு நகல் உங்கள் வீட்டில், ஒன்று அவர்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில். அழ ஆரம்பித்தால் நோட்டை மூடிவிட்டுத் தண்ணீர் கொடுங்கள், கதை எங்கேயும் போய்விடாது, அடுத்த வாரம் போகலாம். ஆனால் அடுத்த வருடம் என்று தள்ளாதீர்கள். நான் தள்ளி மூன்று பேரை இழந்திருக்கிறேன், அந்தக் குறை எனக்கு ஆறவே இல்லை.

சார் வீட்டுக்கு இந்த முறை போனபோது லாரி ஓட்டுகிறவனும் வந்திருந்தான், அந்தப் படத்தின் நகலோடு. சாருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. படத்தைத் தரையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மண்டியிட்டு ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வந்ததும், "இதானே உங்க பாட்டி வீடு? அண்ணன் சயாம் போனவர்" என்று, பாட்டியின் அண்ணன் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியாது.

எங்கள் தோட்டத்து ஆட்களில் தொண்ணூறை நெருங்குகிறவர்கள் என்று எங்களுக்குத் தெரிந்து ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். போன ஞாயிறு ஒரு தாத்தாவைப் பார்க்க டவுனுக்கு என் மகளையும் கூட்டிப்போனேன். அவள் இப்போது இரண்டாம் படிவம். நோட்டை அவளே பிடித்துக்கொண்டாள். தாத்தா ஏதோ ஒரு வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, "எந்த வருசம்னு ஞாபகமில்லம்மா" என்று நிறுத்திவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் கேட்டாள்:

"கம்பி வேலி போட்டதுக்கு முன்னாடியா தாத்தா, பின்னாடியா?"